பாப்பாக்கா வேலைக்குப் போனாள்

சித்தூர் ஜில்லாவிலேயே நாற்பத்திரண்டு வயது வரை குழந்தையாக இருந்த ஒரே மனுஷி எங்கள் பாப்பாக்காதான். பந்தயம் கட்டிச் சொல்கிறேன். குழந்தை மனசு, குழந்தைச் சிரிப்பு என்று பூசி மெழுகவில்லை. நிஜமாகவே குழந்தை. தலை பின்னிவிட ஒரு அண்ணி, மீனில் முள் எடுத்துக் கொடுக்க இன்னொரு அண்ணி, ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொள்ள மூன்று அண்ணன்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நகரியில் எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் திருப்பதியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் தங்கியிருந்தேன். ஒருநாள் வார்டனம்மா என் ரூமுக்கு வந்து, "சித்தூர்லேர்ந்து ஒரு பாப்பா வருது. உன் ரூம்லதான். பத்திரமா பாத்துக்கோ. அவங்க அண்ணன் ஹெட்மாஸ்டராம், காலைலேர்ந்து போன் மேல போன்" என்றார். ஹெட்மாஸ்டர் வீட்டுப் பாப்பா முதல் தடவை வீட்டை விட்டு வருகிறது, ராத்திரியில் அழுதால் என்ன செய்வது என்று யோசித்து நான் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி வைத்தேன்.

வந்த பாப்பாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

ஆனால் பிஸ்கட்டைப் பார்த்ததும், "ஐ! எனுக்கா?" என்று வாங்கிக்கொண்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மொத்தப் பாக்கெட்டையும் தின்றாள். தின்றுகொண்டே தான் பஸ்ஸில் வந்த கதையைச் சொன்னாள்.

பெரியண்ணன் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க பாப்பா தனியா வருது நைனா. திருப்பதில ஹாஸ்டல்காரங்க கையில ஒப்படைச்சுடு" என்று சொல்லியிருக்கிறார். கண்டக்டர் நல்ல மனுஷன். புத்தலப்பட்டில் டீக்கு நிறுத்தியதும் பாப்பாவுக்குப் பால் வாங்கித் தரலாம் என்று தேட ஆரம்பித்திருக்கிறான். சீட்டுக்குச் சீட்டு, ஹெட்மாஸ்டர் வீட்டுப் பாப்பா எங்கே என்று தெலுங்கில் கேள்வி: "பாப்ப எக்கட? ஹெட்மாஸ்டர் காரி பாப்ப எக்கட?" மடியில் குழந்தையோடு இருந்த ஒரு அம்மாவிடம் சந்தேகமாக, "இது உங்க புள்ளதானா?" என்று கேட்க, அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு கட்டி, கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்ட நேரத்தில் பாப்பாக்கா எழுந்து நின்றிருக்கிறாள்.

"நேனேய்யா பாப்ப! நான்தான்யா!"

"பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சுடி" என்றாள் என்னிடம், கண்கள் மின்ன. "எனுக்குக் கொஞ்சங்கூட வெக்கமா இல்ல. தனியா வந்துக்கினு இருக்கேன் இல்ல! பால மட்டும் வாங்கிக் குடிச்சுட்டேன்."

மிஷன் பள்ளிக்கூடத்தை ஒட்டிய பழைய கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையது. மூன்று ஆண்களுக்குப் பிறகு, இனிமேல் இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்தபோது பிறந்தவள் இவள். அம்மா சாகும்போது பெரியண்ணன் கையில்தான் இவளைப் பிடித்துக் கொடுத்தார். அவரும் பிடித்த பிடியை விடவில்லை. டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தபோது, "வெயில்ல போயி பாப்பா கஷ்டப்படணுமா?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதெல்லாம், "பாப்பாவுக்கு இப்ப இன்னா அவசரம்?" என்றார். அவசரமில்லாமலே இருபது வருஷம் ஓடிவிட்டது.

"அப்புறம் எப்படிக்கா விட்டாரு?" என்று கேட்டேன்.

அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில் நடந்த விஷயம் அது. பெரியவர்களை ஒரு வரிசையிலும் பிள்ளைகளை ஒரு வரிசையிலும் உட்கார வைத்திருக்கிறார்கள். பாப்பாக்காவைப் பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள், வழக்கம்போல. பக்கத்து இலையில் அண்ணனின் பேத்தி, பால் பல் விழாத பெண். அது இவள் இலையைப் பார்த்துவிட்டு, "பாப்பா ஆயா, சிந்தாம துன்னு" என்றதாம். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி.

"கையில எடுத்த பிரியாணி வாய்க்குப் போவல. பாப்பாவும் நானே, ஆயாவும் நானே. நடுவுல ஒண்ணு இருந்திருக்கணும் இல்ல? அத்தக் காணோமே!"

மறுநாள் காலை பெரியண்ணனிடம் போய், "நான் வேலைக்குப் போறேன்" என்றிருக்கிறாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போய்ட்டு வா, யாரையாவது கூட்டிக்கினு போ" என்றிருக்கிறார். பிறகுதான் காதில் சரியாக விழுந்திருக்கிறது. அதன்பின் மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. பாப்பா சாப்பிடாமல் இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பெரியண்ணன் இறங்கி வந்தார். கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் ஒரு நிரந்தர வேலையில் நிலைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது. இதுதான் ஒப்பந்தம்.

அப்போது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது.

அவளோடு ஒரே ரூமில் இருப்பது திருவிழாவில் குடியிருப்பது மாதிரி. எல்லாமே அவளுக்கு முதல் தடவை. முதல் முதலாகச் சொந்தமாக சோப்பு வாங்கக் கடைக்குப் போனவள், ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, மத்தியானம் வரை வரவில்லை. "வீட்ல அண்ணன் இன்னா சோப்பு வாங்கியாந்து குடுக்கறாரோ அதான் என் வாசனை. இப்ப என் வாசனை இன்னாதுன்னு நானே சொல்லணும்னா குழப்பமா இருக்காதா?" கடைசியில் மூன்று வாசனையில் மூன்று சோப்பு வாங்கி வந்தாள். மழை வந்தால் முற்றத்தில் போய் நின்றுவிடுவாள். திட்ட யாருமில்லை என்பதை உறுதி செய்துகொள்ளச் சுற்றுமுற்றும் பார்ப்பாள். ஜலதோஷம் பிடித்ததும், "பாத்தியா, நானே வர வச்சிக்கினேன்!" என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

சாவிதான் அவளுக்குப் பெரிய பொக்கிஷம். அவளுக்கென்று ஒரு பூட்டும் சாவியும் அதுவரை இருந்ததில்லை. ரூமைப் பூட்டுவாள், திறப்பாள், இழுத்துப் பார்ப்பாள், மறுபடி பூட்டுவாள். ஒருநாள் அப்படி ஆசையாகப் பூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள், நான் உள்ளே இருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்தலில் வார்டனம்மா சுத்தியலோடு ஓடிவந்தார். திரும்பி வந்த பாப்பாக்கா உடைந்த பூட்டைப் பார்த்து அழுதாள். என்னைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவள் வேலையில் நிலைக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் பெரியண்ணன் டிபன் கேரியரோடு வந்து, "இன்னா பாப்பா, போலாமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதலில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தாள். விரித்த புடவையை வாடிக்கையாளர் தோளில் போட்டு, தள்ளி நின்று பார்த்து, "வேணாம்மா, உங்க கலருக்கு இது எடுப்பா இல்ல. வீட்ல இருக்கிறதே போதும்" என்று அனுப்பிவிடுவாள். முதலாளி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவளையும் அனுப்பிவிட்டார்.

அடுத்து திருச்சானூரில் ஒரு லாட்ஜ். தாயார் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ரூம் கொடுக்கிற இடம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டு சாவி தர வேண்டும். சாவி என்றதும் பாப்பாக்கா துள்ளிக் குதித்துப் போனாள். ஆனால் பெயர் எழுதுமுன் அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்று இருந்தது. வருகிற ஒவ்வொருவரையும், "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் சொல்லாமல் வாசற்படி தாண்டாதவள் அல்லவா? அது அவளுக்குச் சாதாரணக் கேள்வி.

கர்னூல் பக்கத்து ஆள் ஒருவர், கொடுவாள் மீசை, கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "லேதம்மா" என்று இல்லையெனத் தலையாட்டினார். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவராம். பாப்பாக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இரண்டு நாள் கழித்து மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களாம்மா?" அந்தப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். இவளும் கூட உட்கார்ந்து அழுதாள். அவர்களும் பஸ் ஏறினார்கள். ரூமெல்லாம் காலி. லாட்ஜ் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நான் லாட்ஜ் நடத்தறேன். பஞ்சாயத்து நடத்தல."

கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாஸ்டலில் எல்லாருக்கும் கவலை. அவளுக்கு மட்டும் இல்லை என்று நினைத்தேன். ஒருநாள் சோப்புகளைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும், "சும்மா எடுத்து வச்சிப் பாத்தேன்" என்றாள். முகம் திரும்பவில்லை.

மறுநாள் மாலை நாங்கள் இருவரும் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பாத்திரக்கடை வாசலில் கூட்டம். மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனிக்காரர் ஒருவர் பம்ப் ஸ்டவ் மேல் பிரஷர் குக்கர் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் குக்கர் என்றால் வெடிகுண்டு. எந்த ஊரிலோ யார் வீட்டிலோ கூரையைப் பிய்த்துக்கொண்டு போன கதை ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரியும். கூட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தது. "யாராவது ஒரு அம்மா கிட்ட வாங்க" என்று அவர் கெஞ்சுகிறார். ஒரு ஆள் நகரவில்லை.

என் பக்கத்தில் பார்க்கிறேன், பாப்பாக்காவைக் காணோம். ரோட்டைத் தாண்டி, யார் கையையும் பிடிக்காமல், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து குக்கர் வீல் என்று கத்தியது. பாப்பாக்கா ஒரு முழம் எகிறிக் குதித்தாள். கூட்டம் ஐயோ என்றது. அடுத்த நொடி அவள் கை தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொரு தபா கத்துமாங்க?"

கூட்டமே சிரித்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து கடை வாசலுக்கு வந்துவிட்டது. கம்பெனிக்காரர் காலையிலிருந்து தொண்டை வறளக் கத்தி நடக்காத காரியம். அவர் கூட்டத்தைப் பார்த்தார், பாப்பாக்காவைப் பார்த்தார். "அம்மா, எங்க கம்பெனிக்கு வேலைக்கு வர்றீங்களா? கடை கடையா, வீடு வீடா போய்ச் சமைச்சுக் காட்டணும்."

"வர்றேன்" என்றாள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. "அக்கா, உனுக்கு சமைக்கத் தெரியுமா?"

"தெரியாதே!" என்றாள், உற்சாகம் கொஞ்சமும் குறையாமல். அண்ணிகள் அவளை அடுப்பண்டை விட்டதே இல்லை.

பழகிக்கொள்ள கம்பெனி ஒரு குக்கர் கொடுத்திருந்தது. வார்டனம்மா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து ஹாஸ்டல் பின்கட்டில் பாடம் நடந்தது. வாத்தியார் நான். முதல் நாள் தண்ணீர் விட மறந்தாள், அரிசி வறுபட்டது. அடுத்த நாள் தண்ணீரை மட்டும் விட்டு அரிசியை மறந்தாள். அதற்கும் விசில் வந்தது, அதற்கும் கை தட்டினாள். மூன்றாம் நாள் பருப்பு. விசில் அடங்கட்டும் அக்கா என்று நான் சொல்லிமுடிக்குமுன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற அவசரத்தில் வெயிட்டைத் தூக்கிவிட்டாள். மஞ்சள் ஊற்று ஒன்று கிளம்பி மச்சில் போய் அடித்தது. நாங்கள் மேஜைக்கு அடியில். வார்டனம்மா வந்து அண்ணாந்து பார்த்து, "அது இன்னாடி மஞ்சளா?" என்றார்.

"பருப்பும்மா. வெந்துட்டுது" என்றாள் பாப்பாக்கா பெருமையாக.

ஆனால் வேலைக்கு இறங்கினதும் ஒரு அதிசயம் நடந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. பெண்களுக்கு எதிரே நின்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்வாள்: "அம்மாமாரே, நாக்கு வண்ட ராது. எனுக்கு சமைக்கத் தெரியாது. போன மாசம் வரைக்கும் அடுப்பு பத்த வச்சதில்ல. நான் வச்ச சோறே இப்டி கீதுன்னா நீங்க வச்சா எப்டி இருக்கும்?" மூடியைத் திறந்து, சோறு வெந்திருப்பதைப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டுப் போவாள். நடிப்பில்லை. ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவில்லை. பாலசமுத்திரம் வரை பஸ் பிடித்துப் போய் விற்றுவிட்டு வந்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை கம்பெனி அவளை சித்தூருக்கே அனுப்பியது, பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு. அதில் நின்று ஜெயித்தால் வேலை நிரந்தரம். "நீயும் வாடி" என்றாள். நானும் போனேன்.

போனால், அவர்கள் சர்ச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மூன்று அண்ணன்கள், அண்ணிகள். பெரியண்ணன் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில். கடை வாசலில் ஒரு ரிக்ஷாவை நிறுத்தி வைத்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "கூத்து முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிக்கினு போறேம்மா. ஊர்ல நாலு பேரு இன்னா பேசறாங்க தெரியுமா? தங்கச்சிக்கு சோறு போட வக்கில்லாம தெருவுல வுட்டுட்டான் ஹெட்மாஸ்டருன்னு பேசறாங்க" என்றார். கெட்ட மனுஷரில்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

பாப்பாக்கா ரிக்ஷாவைப் பார்த்துவிட்டாள். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. அரிசியைப் போட்டாள், தண்ணீரை விட்டாள், மூடினாள், வெயிட்டை வைத்தாள். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டபோது எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. மேஜையைப் பார்த்தேன். மூடிக்குள் போட வேண்டிய ரப்பர் வளையம் மேஜை மேலேயே கிடந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் புஸ்ஸென்று நாலா பக்கமும் ஆவி பீறிட்டது. கஞ்சித் தண்ணீர் தெறிக்கிறது, சத்தம் ரயில் எஞ்சின் மாதிரி. "வெடிக்கப் போவுது!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணிகள் ஒரு பக்கம், அண்ணன்கள் ஒரு பக்கம், கடைக்காரர் அண்டாவுக்குப் பின்னால். பெரியண்ணன் தெருவில் நின்று, "பாப்பா! வந்துடும்மா! ஓடியா!" என்று அலறினார். நானும் ஓடித்தான் போனேன்.

பாப்பாக்கா மட்டும் நின்றாள். ஆவிக்குள் முகம் தெரியவில்லை. கை மட்டும் ஸ்டவ்வை நோக்கிப் போவது தெரிந்தது. அணைத்தாள். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. ஆவி விலகினபோது, வேர்த்து வழிகிற முகத்தோடு ரப்பர் வளையத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"பாத்தீங்களா? இத்தப் போட மறந்தேன். மறந்தா இவ்ளோதான் ஆவும். புஸ்ஸுன்னும், கத்தும், அடங்கிடும். வெடிக்காது. வாங்க, கிட்ட வாங்க. இன்னொரு தபா வைக்கறேன்."

ஒருவர் ஒருவராக வந்தார்கள். இரண்டாவது தடவை ரப்பரைப் போட்டு, பதறாமல் மூடினாள். விசில் வந்தது. இந்தத் தடவை கை தட்டியது கூட்டம். முதல் குக்கரை வாங்கியவர் பெரிய அண்ணி. புருஷனைக் கேட்காமல்தான் வாங்கினார்.

எல்லாம் முடிந்தபின் பெரியண்ணன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "பாப்பா, உனுக்கு பயமா இல்லியா?"

"ரொம்ப பயமா இருந்துச்சுண்ணா."

"அப்புறம் ஏம்மா அங்கியே நின்னுக்கினு இருந்த?"

"எல்லாரும் பயந்துக்கினேதான் வேலை செய்றாங்கண்ணா. எனுக்கு அது தெரியாது. பயம் போனப்புறம்தான் வெளிய போவணும்னு வீட்லயே உக்காந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய் ரிக்ஷாக்காரனை அனுப்பிவிட்டார். திரும்பி வந்து, "திருப்பதிக்கு அடுத்த பஸ் எப்போ?" என்று கேட்டு, குக்கர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கடைத்தெரு முழுக்க அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். "வணக்கம் சார்", "வணக்கம் சார்" என்று இரண்டு பக்கமும் கும்பிடு. ஹெட்மாஸ்டர் தோளில் பெட்டியோடு, முதுகை நிமிர்த்தி, தங்கைக்கு முன்னால் நடந்தார்.

வேலை நிரந்தரமானது. மறு வருஷம் பாப்பாக்கா ஹாஸ்டலை விட்டு, ரயில்வே கேட் பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். நான் கல்யாணமாகி மெட்ராஸுக்குப் போய்விட்டேன். சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே கட்டிக்கொண்டாள். புது ஜன்னல் திரையைக் காட்டினாள், ரேடியோவைக் காட்டினாள், தண்ணீர்க் குழாயைக் கூடத் திறந்து காட்டினாள். பிறகு சாப்பாடு போட்டாள். சோறு குக்கரில் வைத்தது, பருப்பு குக்கரில் வைத்தது, கறியும் அதிலேயே. எல்லாம் பிரமாதம். ரசம் மட்டும், யாரும் சொல்லித் தராமல், தானே யோசித்துத் தனியாக வைத்ததாம்.

சோற்றில் ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டேன். புளி ஒரு பக்கம் இழுத்தது, உப்பு ஒரு பக்கம் இழுத்தது, நடுவில் என்னவென்று தெரியாத ஒன்று தொண்டையைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி, மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துக்கா" என்று தட்டை நீட்டினேன்.